டிக் டிக் சத்தமும் கோயம்புத்தூர் அன்ரியும்

சித்தியின் கார் எஞ்சினில் அந்தச் சத்தம் தொடங்கிய மாசி மாதத்தில் எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மேல்மாடியில், ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்த பிறகு கதவைப் பாதிதான் திறக்கலாம் என்கிற மாதிரியான அறையில் இருந்தார். கிழமை நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. சனி ஞாயிறில் எங்கள் கராஜுக்குள் நீலநிற மேலங்கி போட்டுக்கொண்டு காரோடு மல்லுக்கட்டும் வேலை.

அது சித்தியை விட வயது கூடிய, இரண்டே கதவுள்ள குட்டிக் கார். பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் சித்தி அதன் எஞ்சினைப் பிரித்துப் பிரித்துக் கூட்டி, அது பிறந்தபோது இல்லாத வேகத்தை அதற்குள் ஏற்றியிருந்தார். லண்டனுக்கு வெளியே, விமானங்கள் கைவிட்டுப்போன பழைய ஓடுபாதை ஒன்றில் சித்திரையிலிருந்து கோடை முடியும்வரை பந்தயம் நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. அங்கே போட்டியிடுகிறவர்களில் பெரும்பாலானோர் நரைத்த தாடிக்கார வெள்ளையர்கள். அவர்களுக்கு நடுவே குட்டையான, கண்ணாடி போட்ட என் சித்தி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் பெருமை ஏறும்.

வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான். சித்தியை நான் யாரோடும் பங்குபோட்டதில்லை. கராஜில் டோர்ச் பிடிப்பது நான். பெயர் சொன்னதும் சரியான ஸ்பனரை எடுத்துக் கொடுப்பது நான். கடைக்குப் போகும்போது முன் சீட்டில் இருப்பதும் நான். இது இயற்கையின் ஏற்பாடு என்றும் இனி மாறாது என்றும் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் காருக்கு ஒரு கண்டம் இருந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் தைப்பொங்கல் அன்று சாப்பாட்டு மேசையில் ஓர் ஒப்பந்தம் உறுதியாகியிருந்தது.

"இந்த முறை எஞ்சின் உடைஞ்சால் காரை வித்துப்போட்டு அந்த ரொரன்ரோப் பொடியனோட கதைக்கிறன் எண்டு சொன்னனீ. ஞாபகம் இருக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், சொன்னனான். உடையாது," என்றார் சித்தி.

ரொரன்ரோப் பொடியன் கணக்காளர். அவருடைய படத்தை அம்மா தன் போனில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் வந்தால் சித்தி கனடாவுக்குப் போய்விடுவார். ஆகவே எஞ்சின் உடையக் கூடாது என்பதில் சித்தியை விட எனக்குத்தான் அக்கறை.

சித்தியின் பிறந்தநாள் தை மாதக் கடைசியில். அந்தக் குளிர்காலத்தில் சித்தி எஞ்சினின் மேற்பாதியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கிற புதிய கேம் தண்டு, அதைத் தாங்கக்கூடிய இறுக்கமான ஸ்பிரிங்குகள். எஞ்சினின் உச்சியில் ஒரு மூடிக்குக் கீழே எட்டுச் சின்னக் கைகள் உண்டு. ரொக்கர் என்பார்கள். பூங்காவில் இருக்கும் சீசோ மாதிரி ஒரு பக்கம் எழும்ப மறுபக்கம் பதிந்து வால்வை அமுக்கும். அந்த எட்டுக் கைகளும் உள்ளே குழலான ஒரு தண்டில் கோத்திருக்கும். அந்தத் தண்டை நாலு மரையாணிகள் எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும். பழைய கார்ச் சாமான் விற்கும் சந்தை ஒன்றில் ஒருவர், "ஸ்பிரிங் இறுக்கமானால் ஆணியும் பலமானதாக வேணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். கறுப்புப் பஞ்சுக்குள் நாலு ஆணிகள் வெள்ளிக் கொலுசு மாதிரிப் படுத்திருந்தன. நான் அப்பாவை நச்சரித்து, காலைத் தரையில் உதைத்து, அதை வாங்க வைத்தேன்.

"வேற பிள்ளையள் பிறந்தநாளுக்குப் பூ குடுக்குங்கள்," என்று அப்பா சொன்னார்.

சித்தி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்றே பழைய ஆணிகளைக் கழற்றிப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டுவிட்டு என்னுடைய நாலையும் பூட்டினார். டோர்ச் வெளிச்சத்தில் அவை மின்னின. இனி அந்த எஞ்சினின் தலையைப் பிடித்து வைத்திருப்பது நான்தான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை.

சத்தம் ஒரு கிழமைக்குள் வந்தது. முதலில் மெல்லிய டிக் டிக். எஞ்சின் சூடாகச் சூடாக அது கூர்மையாகும். குசினியில் கறி கிளறிக்கொண்டு நின்ற அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன சத்தம் உது? தையல் மெஷின் ஓடுற மாதிரிக் கிடக்கு," என்றார். சித்தி மூடியைக் கழற்றி, மெல்லிய தகடுகளை விட்டு ஒவ்வொரு ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிபார்த்து இறுக்கினார். சத்தம் போனது. அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தது. மறுபடி இறுக்கினார். மறுபடி வந்தது. சித்தி கராஜில் பாடுவதை நிறுத்தியிருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைதான் கோயம்புத்தூர் அன்ரி வந்தார்.

அவர் எஞ்சின்களைச் சோதிக்கிற ஒரு கொம்பனியில் பொறியியலாளர். வேலைத்தலத்தில் ஏதோ விழுந்து விரல் நசுங்கி, சித்தியின் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்திருக்கிறார். எப்படி நசுங்கியது என்று சித்தி கேட்க, அவர் சொல்ல, பிறகு சித்தி தன் காரைப் பற்றிச் சொல்ல, வரிசையில் காத்திருந்த மற்ற நோயாளிகள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்களாம். இதைச் சித்தி அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை.

நெடிய உருவம். கழுத்துவரை வெட்டிய தலைமுடி. வலது கையில் ஒரு விரலுக்கு மட்டும் கட்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வணக்கங்க அக்கா," என்று அம்மாவைக் கும்பிட்டதும் அம்மா அந்த இடத்திலேயே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். கிழங்குக்கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தார். இரண்டாவது ரோல் முடிவதற்குள் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"தங்கச்சி கலியாணம் முடிச்சிட்டியளோ?"

"இல்லீங்க அக்கா."

"கூடப் பிறந்த ஆம்பிளைப் பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?"

"ஒரு தம்பி இருக்கானுங்க. இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கான்."

அம்மாவின் முகம் கொஞ்சம் விழுந்தது. ஆனாலும் மூன்றாவது ரோலை வைத்தார்.

கராஜுக்குள் வந்த அன்ரி எதையும் உடனே தொடவில்லை. எஞ்சின் குளிராக இருக்கும்போது சத்தம் கூடுதலா, சூடானால் கூடுதலா? வேகம் ஏற்றினால் சத்தமும் சேர்ந்து ஓடுகிறதா? எப்போதிருந்து? அதற்கு முன் எதை எதை மாற்றினீர்கள்? டொக்டர் மாதிரிக் கேட்டார். சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். "கேம் தண்டு, ஸ்பிரிங்... பிறகு இவள் எனக்குத் தந்த மரையாணியள்."

நான் நிமிர்ந்து நின்றேன். அன்ரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒயில் அமுக்கம் நல்லாத்தான் இருக்கு. முள்ளைப் பாருங்கோ," என்றார் சித்தி.

"அந்த முள்ளு கீழ இருக்கிற ஆயில் பிரஷரைத்தானுங்க காட்டும். எங்க ஊர் அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டுக் குழாயில தண்ணி பிச்சுக்கிட்டு வரும். மூணாவது மாடியில சொட்டுக்கூட இருக்காது. கீழ் வீட்டுக்காரரைக் கேட்டா, தண்ணியெல்லாம் நல்லா வருதேன்னுதான் சொல்லுவாரு."

சித்தி சிரித்தார். அது நான் அதுவரை கேளாத ஒரு சிரிப்பு. என்னுடைய பகிடிகளுக்குச் சித்தி சிரிப்பது வேறு மாதிரி. தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். இது தலையைப் பின்னால் எறிந்து சிரித்த சிரிப்பு. அபார்ட்மென்ட் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு எரிந்தது. போதாததற்கு ஒயிலை ஆயில் என்கிறார். "ஒயில் எண்டு சொல்லோணும்," என்றேன். "ஓ, சரிங்க டீச்சர்," என்றார். அதற்கும் சித்தி சிரித்தார்.

பிறகு அன்ரி நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு, அதன் முனையை மூடியின் மேல் வைத்து, பிடியைத் தன் காதோடு சேர்த்து அழுத்தினார். அப்படிக் கேட்டால் எஞ்சினுக்குள் எந்த இடத்தில் சத்தம் என்று கண்டுபிடிக்கலாம். அது எனக்கும் தெரியும். சித்தி எனக்கு எப்போதோ காட்டித்தந்த விளையாட்டு அது. கண்ணை மூடிக்கொண்டு அன்ரி முன்னாலிருந்து பின்னால் வரை மெல்ல மெல்ல நகர்ந்தார். "முன்னாடி கம்மி. பின்னாடி போகப் போக ஜாஸ்தி. கேட்டுப் பாருங்க," என்று அதே பிடியைச் சித்தியின் காதில் வைத்தார். பிடி வழுக்காமல் இருக்கத் தன் கையையும் அங்கேயே வைத்துக்கொண்டார். இருவரும் பொனட்டுக்குள் தலையை விட்டுக் கண்ணை மூடியபடி அசையாமல் நின்றார்கள். அவ்வளவு நேரம் கேட்க அதில் என்ன இருக்கிறது?

"எனக்கும் தாங்கோ," என்றேன்.

தந்தார்கள். பின்பக்கம் வைத்ததும் சத்தம் காதுக்குள் சுத்தியலால் அடிப்பது போல் விழுந்தது.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்ரி வந்தார். முன் சீட் போனது. சாமான் வாங்க இல்ஃபோர்ட் போனபோது நான் பின்னால், பாம்பு மாதிரி வளைந்த ஒரு புகைக்குழாயோடு இருந்தேன். முன்னால் அவர்கள் கதைத்துக்கொண்டே வந்தார்கள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சித்தி அவரை "நீங்கள்" என்று கூப்பிடுவதை விட்டு "நீர்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். "நீர் சாப்பிட்டனீரோ? உமக்குக் குளிரேல்லையோ?"

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை மட்டும்தான் நீர் என்பார். என்னை எல்லோரும் நீ என்பார்கள்.

"நீர்னா எங்க ஊர்ல தண்ணிங்க," என்றார் அன்ரி.

"இஞ்சை அது மரியாதையும் வேணும், கிட்டவும் வேணும் எண்டால் சொல்லுறது," என்றார் சித்தி. பிறகு அடுத்த சிக்னல் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதியைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

பந்தயத்துக்கு இரண்டு கிழமை இருந்தபோது, மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவைத்துப் பார்ப்போம் என்றார் அன்ரி. அப்படிச் செய்தால் எண்ணெய் நாலா பக்கமும் தெறிக்கும் என்று சொன்னார். கராஜ் சுவரில் பழைய பேப்பர்களை ஒட்டினோம். எஞ்சினைச் சுற்றிக் காட்போட் மட்டைகளை வேலி மாதிரி நிறுத்தினோம். எனக்கு ஒரு பிளாஸ்ரிக் மழைக்கோட்டைப் போட்டுவிட்டார்கள். அன்ரியின் மூஞ்சியில் எண்ணெய் தெறிப்பதைப் பார்க்க நான் ஆவலோடு காத்திருந்தேன்.

எஞ்சின் ஓடியது. எட்டு ரொக்கர்களும் தலையாட்டின. ஒரு சொட்டும் தெறிக்கவில்லை.

முன்னால் இருந்த இரண்டில் மட்டும் வியர்வை மாதிரி லேசான ஈரம். மற்றவை எல்லாம் உலர்ந்திருந்தன. கடைசியில் இருந்தது சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது.

"நிறுத்து! நிறுத்து!" என்று அன்ரி கத்தினார். அவர் சித்தியை ஒருமையில் கூப்பிட்டதை நான் கேட்டது அதுதான் முதல் முறை. சித்தி பாய்ந்து சாவியைத் திருப்பினார். அன்ரி டோர்ச்சை என்னிடமிருந்து வாங்கிக் குனிந்து பார்த்தார்.

"எண்ணெயே ஏறலை. ராக்கர் எல்லாம் வெறும் இரும்பு மேல இரும்பா தேய்ஞ்சுட்டு இருக்கு. அதனாலதான் நீ எத்தனை தடவை செட் பண்ணினாலும் கேப் திரும்பத் திரும்பக் கூடிப்போகுது. இதோட பந்தயத்துக்குப் போயி ஒருதரம் முழு வேகத்துக்கு ஏத்தியிருந்தா தண்டோட சேர்ந்து ஒட்டியிருக்கும். அப்புறம் எஞ்சின் இல்ல."

யன்னலுக்கு அப்பால் அம்மா கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். சித்தி திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு அன்ரியைப் பார்த்தார். "நான் வாக்குக் குடுத்திட்டன்," என்றார், அவ்வளவு மெல்லிய குரலில். என்ன வாக்கு என்று அன்ரி கேட்டார். சித்தி ரொரன்ரோவைப் பற்றிச் சொன்னார். அன்ரி கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சரி. எங்க அடைக்குதுன்னு பார்த்துடலாம்," என்றார் கடைசியில்.

அடுத்த சனிக்கிழமை பிரித்தார்கள். முதலில் சந்தேகப்பட்டது, தலைப்பாகத்துக்குக் கீழே இருக்கும் தகட்டை எண்ணெய் ஓட்டை மறையும்படி மாற்றிப் போட்டாயிற்றோ என்று. மாறவில்லை. ரொக்கர் தண்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே ஊதிப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. என்னுடைய ஆணிகள் நாலையும் கழற்றி எடுத்துவிட்டு ஸ்ராட்டரை மட்டும் சுற்றவிட்டார்கள். முன்பக்க ஓட்டையில் எண்ணெய் ஊற்றுப் போல் பொங்கி வழிந்தது. சித்திக்கு விளங்கவில்லை. "கீழயிருந்து வருது. மேல தண்டும் சுத்தம். அப்ப இடையில எங்கை போகுது?"

அந்த நேரம் பார்த்து அம்மா குசினிக் கதவைத் திறந்து கூப்பிட்டார். "ரொரன்ரோவிலயிருந்து வீடியோ கோல் எடுக்கினம். பொடியன்ரை தாய். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

"ஒயில் கையோட நிக்கிறன் அக்கா."

"முகத்தைத்தானே கேட்டது."

சித்தி போனார். நானும் அன்ரியும் மட்டும். நான் கவிழ்த்துப் போட்ட வாளியில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தேன். அன்ரி கொஞ்ச நேரம் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அம்மா யாருக்கோ உரக்கச் சிரிப்பது கேட்டது. பிறகு அவர் திரும்பி என்னுடைய ஆணிகளில் ஒன்றை எடுத்தார். அதை முன்பக்க ஓட்டைக்குள் விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார்.

"கண்ணு, பழைய ஸ்டட்டு எல்லாம் எங்க இருக்கு?"

நாடியை நீட்டிப் பிஸ்கற் ரின்னைக் காட்டினேன். அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். கறுத்துத் துருப்பிடித்த நாலு ஆணிகள். மூன்று ஒரே மாதிரி. ஒன்று மட்டும் நடுவில் இடுப்பு ஒடுங்கி இருந்தது. அதையும் என்னுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தவர் நிமிர்ந்து என்னை நெடுநேரம் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"அது நான் குடுத்தது," என்றேன்.

"தெரியும் கண்ணு. ரொம்ப அருமையான ஸ்டட்டு." பிறகு, "இதுல ஒண்ணை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ஏன்?"

"எனக்கு ஒண்ணு வேணும்னு ஆசையா இருக்கு."

"ஏலாது," என்றேன்.

என் கண்முன்னாலேயே அவர் அதைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். போட்டுவிட்டு, முன்பக்க ஓட்டையில் அந்த இடுப்பு ஒடுங்கிய துருப்பிடித்ததையும், மற்ற மூன்றில் என்னுடைய வெள்ளி ஆணிகளையும் பூட்டத் தொடங்கினார். சித்தியை எடுத்தார், முன் சீட்டை எடுத்தார், இப்போது சித்திக்கு நான் கொடுத்ததிலும் பங்கு கேட்கிறார்.

சித்தி திரும்பி வந்தபோது அன்ரி பழைய துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். "கசடு. அந்த ஓட்டைக்குக் கிட்ட அடைச்சிருந்துச்சு. கழுவி விட்டுட்டேன்," என்றார்.

"சித்தி, அவா என்ரை ஆணி ஒண்டை எடுத்துப்போட்டா! பொக்கற்றுக்குள்ள வச்சிருக்கிறா!"

சித்தி எஞ்சினைப் பார்த்தார். மூன்று பளபளப்பையும் ஒரு துருவையும் பார்த்தார். அன்ரியின் கையில் இருந்த துணியைப் பார்த்தார். பிறகு அன்ரியின் முகத்தை.

"எடுத்தால் எடுக்கட்டும்," என்றார் என்னிடம், அன்ரியை விட்டுப் பார்வையை எடுக்காமலே.

நான் அழுதுகொண்டு மேலே ஓடினேன். என் அறைக் கதவை அறைந்து சாத்தினேன். யாரும் சமாதானம் செய்ய வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே எஞ்சின் உறுமியது. உடனே இருவரும் ஒருசேரக் கூச்சலிட்டார்கள். பொறுக்க முடியாமல் படியில் இறங்கிக் குசினி யன்னலால் பார்த்தேன். மூடி இல்லாத எஞ்சின் எண்ணெயை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சுவர்ப் பேப்பரெல்லாம் பொட்டுப் பொட்டாக எண்ணெய். சித்தியின் கண்ணாடியில் எண்ணெய். அன்ரியின் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய். அன்ரி தன் சட்டைக் கையால் சித்தியின் கண்ணாடியைத் துடைக்கப் போய் இன்னும் பூசிவிட்டார்.

"தீபாவளிக்குக்கூட இப்பிடி முழுகினதில்லை," என்று அம்மா என் பின்னால் நின்று சிரித்தார். "நல்ல பிள்ளை, என்ன? இப்பிடி ஒரு சிநேகிதி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும்."

டிக் டிக் இல்லை. தேய்ந்துபோன ரொக்கர்களை அன்ரி எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து மாற்றினார். எஞ்சின் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் அன்ரியோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் "டீச்சர்" என்று கூப்பிட்டால் வேறு பக்கம் பார்ப்பேன்.

இன்று அவர்கள் இருவரும் ஸ்ட்ரெதமில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்கு இடையில் நிறைய நடந்தது. அன்ரிக்கு ரோல்ஸ் பொரித்துப் பொரித்துக் கொடுத்த அம்மாதான், விஷயம் விளங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் சித்தியோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். ரொரன்ரோக்காரர் வேறு இடத்தில் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டார். அப்பாதான் முதலில் ஸ்ட்ரெதமுக்குப் போய்க் கதவைத் தட்டினார். பிறகு ஒரு நாள், யாரும் கேளாமலே, அம்மா ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். நான் அன்ரியை இப்போது சித்தி என்றுதான் கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் சித்தி அந்த ஆணிக் கதையைச் சொன்னார். பழைய ஆணியின் இடுப்பு ஒடுங்கி இருந்தது சும்மா அல்ல; அந்த ஒடுக்கத்தைச் சுற்றித்தான் எண்ணெய் மேலே ஏறித் தண்டுக்குள் போகவேண்டும். நான் வாங்கிக்கொடுத்த தடித்த ஆணி அந்த வழியை நிரப்பிக்கொண்டு நின்றிருக்கிறது. கசடு என்பது பொய்.

"எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது," என்றார் சித்தி. "கசடு கழுவினதெண்டால் துணியில ஊத்தை இருக்கோணுமே. துணியில வெறும் ஒயில்தான் இருந்தது. நீ அவாவை முகத்துக்கு நேர ஏசுவாய், பின்னால பழிப்பாய். அவாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிஞ்சும், உன்ரை பரிசுதான் எஞ்சினை அழிச்சது எண்டு உனக்குத் தெரியக்கூடாது எண்டு தன்னைக் கள்ளியாக்கிக்கொண்டு நிண்டா. அதுவரைக்கும் எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அந்த நிமிஷம் தெரிஞ்சிட்டுது."

ஆனால் பந்தயம் நடந்த அந்தச் சித்திரை ஞாயிறன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

ஓடுபாதையில் குளிர்காற்று வெட்டிக்கொண்டு வந்தது. அப்பா தேத்தண்ணி பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா, காருக்குள் சித்தி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லோரையும் இடித்துத் தள்ளிக் கம்பி வேலியின் முன்வரிசையில் போய் நின்றேன். அன்ரி எங்கே நின்றார் என்று நான் பார்க்கவில்லை. பார்ப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தேன்.

பச்சை விளக்கு விழுந்ததும் குட்டிக் கார் ஒருமுறை உதறிக்கொண்டு பாய்ந்தது. சத்தம் ஏறி ஏறிப் போய் எங்கோ ஓர் உச்சியில் நின்றது. உடைந்துவிடும் என்று நினைத்த இடத்திலும் உடையவில்லை. வளைவில் பின்பக்கம் கொஞ்சம் வழுக்கி, நிமிர்ந்து, முடிவுக் கோட்டைத் தாண்டியது. ஒலிபெருக்கியில் சித்தியின் பெயரைத் தப்பும் தவறுமாக வாசித்து, இந்தப் பிரிவில் இதுவரைக்கும் இதுதான் வேகம் என்றார்கள். அப்பா தேத்தண்ணியைக் கொட்டினார்.

சித்தி காரை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். தலைமுடி வியர்த்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சனக்கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். என்னைத்தான் தேடுகிறார் என்று நான் வேலிக் கம்பியில் ஏறி நின்று கையை ஆட்டினேன். "சித்தி! சித்தி!"

அவருடைய பார்வை என் தலைக்கு மேலால் போய், எனக்குப் பின்னால் எங்கோ ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து அசையவில்லை. அவருடைய முகம் அப்படி ஒளிர்ந்து நான் கண்டதில்லை.

வெயில் கண்ணுக்குள் அடிக்கிறதாக்கும், அதுதான் என்னைத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் ஒரு கம்பி மேலே ஏறி, இரண்டு கைகளையும் ஆட்டினேன்.